பங்குனியிலும் வாடாத தோட்டம்

(கொல்லிமலை செம்மேட்டில், பஞ்சாயத்து அன்பர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இம்மலையில் நின்றுகொண்டு, தோட்டம் போடுங்கள் என்று உங்களிடம் கூறுவதற்கு எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. பலாவும் தேனும் வள்ளிக்கிழங்கும் கொல்லிமலைக்குப் புதியன அல்ல. சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து, ஊடே அவரையும் மொச்சையும் படரவிட்டு, வீட்டின் பின்புறத்தில் பூசணிக்கொடியைக் கூரைமேல் ஏற்றி உண்டு வாழ்ந்தவர்கள் உங்கள் முன்னோர். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருகிற என்னைப் போன்ற ஒருவர் உங்களுக்கு அவரை நடக் கற்பிப்பது, மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்பிப்பதை ஒக்கும். ஆகையால் நடும் முறையைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அரசாங்கம் கொடுக்கும் விதைப் பொட்டலம் ஏன் பல வீடுகளில் தோட்டமாக மாறுவதில்லை, மாறிய தோட்டமும் ஏன் பங்குனிக்குள் மறைந்துவிடுகிறது என்பதையே உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

வீட்டுத் தோட்டத்தை அரசாங்கம் ஊக்குவிப்பது இன்று நேற்றுத் தோன்றிய செயலன்று. போர்க்காலத்து உணவுப் பஞ்சத்தில், 1943ஆம் ஆண்டில், 'அதிக உணவு உற்பத்தி' இயக்கம் தொடங்கியது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. 1960களில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி, உணவு வேளாண்மை நிறுவனம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் துணையோடு சத்துணவுத் திட்டமொன்று நாட்டின் பல வட்டாரங்களில் நடந்தது. பள்ளித் தோட்டம், வீட்டுத் தோட்டம், கோழி வளர்ப்பு, மீன் வளர்ப்பு ஆகியவற்றின் வழியே, தாய்மாரும் குழந்தைகளும் உண்ணும் உணவைத் திருத்துவதே அதன் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் பல ஊர்களில், வெளியுதவி நின்றதும் தோட்டமும் நின்றது. விளைந்ததும் உலைக்குப் போகாமல் சந்தைக்குப் போயிற்று. அந்தப் பாடத்தை நாம் முழுமையாகக் கற்றுக்கொண்டோமா என்பது ஐயமே.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டில் முதன்முறையாக வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அப்போது அறிவிக்கப்பட்ட திட்டங்களுள் ஒன்று, ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம். கிராமத்து வீடுகளுக்குப் பன்னிரண்டு வகைக் காய்கறி விதைகள் அடங்கிய தொகுப்பு வழங்குவது அதன் பகுதி. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் தொடங்கியது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை ஆகியவற்றின் விதைகளும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளும், மரத்துவரை, காராமணி, அவரை விதைகளும் அதில் அடங்கும். விதை கிடைக்கவில்லை என்று இனி எவரும் குறை கூற இயலாது.

இவ்வளவு முயற்சி ஏன் என்று கேட்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேருக்கு அக்குறை உண்டு. அரிசிப் பஞ்சம் இல்லாத மாநிலத்தில் இந்த நிலை! நியாயவிலைக் கடை அரிசி வயிற்றை நிரப்பிவிடுகிறது. இரத்தத்தை ஊறச் செய்ய அது மட்டும் போதாது.

நிற்க. இம்மலையின் நிலையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கடந்த ஐம்பது ஆண்டுகளில் சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறிவிட்டது. அது ஏறியதற்குக் காரணம் உண்டு. உழவரைக் குறை கூறுவது எளிது, முறையன்று. மரவள்ளி மழை பொய்த்தாலும் ஓரளவு தாங்கும். லாரி வந்து வாங்கிச் செல்லும். சேலம், நாமக்கல் பகுதிச் ஜவ்வரிசி ஆலைகள் பணம் கொடுக்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் சாமை கொடுத்ததா, கிழங்கு கொடுத்ததா என்று என்னைக் கேட்டால், கிழங்கு என்றே நானும் சொல்வேன். ஆனால் அது மாவுச்சத்தே அன்றி வேறில்லை. அதுவும் நம் உலைக்கு வருவதில்லை, ஆலைக்குப் போகிறது. ஒரே பயிரை நம்பியிருப்பதன் இடரையும் கண்டோம். 2020ஆம் ஆண்டில் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவிலேயே நாமக்கல், சேலம் மாவட்டங்களுக்கும் வந்து வயல்களைக் கருக்கியது. அதனை அடக்க, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து வளர்த்து, 2022ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் விடத் தொடங்கினார்கள். குளவி வரும்வரை கிழங்கை மட்டும் நம்பிய வீட்டார் என்ன செய்தார்கள் என்பதை உங்களுள் பலர் அறிவீர்கள்.

இப்போது மரவள்ளி வீட்டு வாயில்வரை வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் இம்மலையில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். சுவரோரம்வரை கிழங்குச் செடி நின்றது. தாழ்வாரத்தில், பிரிக்கப்படாத விதைப் பொட்டலம் ஓட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே செருகிக் கிடந்தது. அவ்வீட்டுத் தாயாரிடம் ஏன் விதைக்கவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "விதையைக் குடுத்திட்டுப் போனாங்க ஐயா. கோழிக்கு யாரு வேலி போடுறது? மாசி, பங்குனியில தண்ணிக்கு யாரு போறது?" என்றார். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் அமர்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் அன்று மலையிறங்கும்போது எண்ணியது இதுதான்: நாம் கொடுத்தது விதையை அன்று, ஒரு பெண்மணியின் தலையில் இன்னொரு வேலையை.

இதே மலையில் சிறுதானியங்களின் கதையும் இதையே சொல்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து இங்குச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. சாமை உடம்புக்கு நல்லது என்பது இங்கு எவருக்கும் தெரியாததன்று. உமியும் தவிடும் நீங்க அதனை உரலில் இட்டுக் குத்தும் பாட்டைப் பெண்கள் வெறுத்தார்கள்; அரிசி வந்ததும் உரலை விட்டார்கள். ஊரிலேயே அரவை இயந்திரங்களை வைத்து, மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்ட பிறகே, சாமை மீண்டும் சில வீட்டு உலைகளுக்கு வந்தது. அந்நிறுவனமே 2011 முதல் சில ஆண்டுகள், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தோடு கூடி, கொல்லிமலையிலும், வயநாட்டிலும், ஒடிசாவின் ஜெய்ப்பூர்ப் பகுதியிலும் வீட்டுத் தோட்டங்களையும் ஊக்குவித்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. கொண்டாட்டம் நன்று. ஆனால் உலகம் முழுவதும் கூடிக் கொண்டாடியும் குறையாத உரலின் பாரத்தை ஒரு சிறு இயந்திரம் குறைத்தது. தோட்டத்துக்கும் அப்படியொரு இயந்திரம் வேண்டும். அது இரும்பில் செய்ததாக இருக்க வேண்டுவதில்லை.

முதலாவது, அளவு. அச்சிட்டுக் கொடுக்கும் துண்டுப் பிரசுரங்களில், ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு ஐந்து சென்ட் தோட்டம் என்று படம் போட்டிருப்பார்கள். பாத்திகளும் நடைபாதையும் எருக்குழியும் தேன்பெட்டியும் அதில் அழகாக இருக்கும். ஐந்து சென்ட் தோட்டத்துக்குக் கோடையில் நாள்தோறும் எண்ணூறு, ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அத்தண்ணீர் இருந்தால் இம்மலையில் எவரும் காய்கறிக்குச் சந்தைக்கே போகமாட்டார்.

ஆகவே கணக்கைத் தண்ணீரிலிருந்து தொடங்குவோம். அரிசி, பருப்புக் களைந்த நீர், பாத்திரம் கழுவிய நீர், கை கழுவிய நீர் எல்லாம் சேர்ந்தால் ஒரு வீட்டில் நாளொன்றுக்கு மூன்று குடம் தேறும். ஏறக்குறைய நாற்பத்தைந்து லிட்டர். ஒரு சதுர மீட்டர் பாத்திக்குக் கோடையில் நாலு, நாலரை லிட்டர் போதும். ஆக, பத்துச் சதுர மீட்டர் நிலத்தை, ஒரு குடம்கூடக் கூடுதலாகச் சுமக்காமல், பங்குனி முழுவதும் பச்சையாக வைத்திருக்கலாம். பத்துச் சதுர மீட்டர் என்பது கால் சென்ட்.

கால் சென்டில் என்ன கிடைக்கும்? ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், கீரை உள்பட நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கிராம் காய்கறி ஒருவருக்கு வேண்டும் என்கிறது. ஐவருக்கு இரண்டு கிலோ. அவ்வளவையும் கால் சென்ட் தராது. தரும் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் ஆளுக்கு நூறு கிராம் வீதம் அரைக் கிலோ கீரையை அதிலிருந்து பெற முடியும். தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை ஆகியவற்றைப் பத்து நாள் இடைவெளி விட்டு மாற்றி மாற்றி விதைத்துவந்தால் தட்டில்லாமல் வரும். இரத்தசோகைக்கு வேண்டிய முதல் உணவு இதுவே அன்றோ? மழைக்காலத்தில் தோட்டத்தை ஒரு சென்டாக விரிக்கலாம். தை பிறந்ததும் கால் சென்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். சுருங்கி விரியும் தோட்டமே இம்மலைக்கு ஏற்றது.

மரவள்ளி நட்ட இடத்தை விடுவதா என்று தயங்குவோருக்கும் ஒரு கணக்கு உண்டு. மானாவாரியில் கால் சென்ட் மரவள்ளி, மிஞ்சிப்போனால் இருபத்தைந்து, முப்பது கிலோ கிழங்கு தரும். அதுவும் பத்து மாதம் காத்திருந்து. கிலோ பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். முந்நூறு ரூபாய். பத்து மாதத்தில் நீங்கள் கீரைக்கும் மிளகாய்க்கும் கொடுக்கும் காசை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

கழிவு நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. துணி துவைத்த சோப்பு நீரைக் கீரைப் பாத்தியில் விடலாகாது. அதனை வாழைக்கும் சேம்புக்கும் விடுங்கள். வாழையடியில் குழி தோண்டிச் சருகும் சாம்பலும் இட்டு அதில் நீரை விட்டால் கொசுவும் பெருகாது, தாறும் பெருக்கும். புதிதாக வீடு கட்டுவோர் கொல்லைப்புறம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட்டுவிடுகிறார்கள். பார்வைக்குத் துப்புரவாக இருக்கிறது. ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்கவும் மண் இல்லை.

இரண்டாவது, வேலி. கோழியும் ஆடும் தோட்டத்தின் முதல் பகைவர்கள். காட்டுப்பன்றியும் குரங்கும் அடுத்தவை. கால் சென்டைச் சுற்ற, மூங்கில் படல் நாலு போதும். நிலையான வேலி வேண்டுவோர் ஆடாதொடையை நடலாம். ஆடு தொடாது என்பது அதன் பெயரிலேயே உள்ளது. நாற்று முளைத்து நிமிரும்வரை கோழியைப் பஞ்சாரத்தில் அடைத்துவைத்தால் போதும். கோழியை ஒழிக்க வேண்டும் என்று சொல்பவன் நான் அல்லேன். படல் கட்டும் வேலையை மட்டும் வீட்டு ஆண்மக்கள் ஏற்கவேண்டும். ஒரு நாள் வேலை. அந்தத் தாயாரின் பக்கத்தில் பேசாமல் அமர்ந்திருந்தவருக்குரிய பங்கு இது.

கோழியைப் பற்றிச் சொன்னதும் வங்காளதேசத்தின் அனுபவம் நினைவுக்கு வருகிறது. 1990 முதற்கொண்டு அங்கு ஹெலன் கெல்லர் பன்னாட்டு நிறுவனம் வீட்டுத் தோட்டங்களைப் பரப்பிற்று. அவர்கள் தோட்டத்தைப் பரப்பளவால் மட்டும் மதிப்பிடவில்லை. ஆண்டு முழுவதும் விளைகிறதா, பருவத்தில் மட்டும் விளைகிறதா என்று பிரித்தார்கள். ஊருக்கு ஒரு பெண்மணியின் வீட்டில் நாற்றங்காலும் மாதிரித் தோட்டமும் அமைத்தார்கள். விதைக்கும் நாற்றுக்கும் அயலார் அவரையே நாடினர். பிற்காலத்தில் கீரையிலுள்ள வைட்டமின் 'ஏ' முன்னர் எண்ணிய அளவுக்கு உடலில் சேர்வதில்லை என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. உடனே கோழி வளர்ப்பையும் தோட்டத்தோடு இணைத்தார்கள். ஆகவே தாய்மார்களே, கீரையை வெறும் நீரில் வேகவைத்துக் கொடுக்காமல் ஒரு கரண்டி எண்ணெயோ தேங்காயோ சேருங்கள். எலுமிச்சையோ நெல்லியோ உடன் இருந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்கு ஏறும். உண்டவுடன் காப்பி குடித்தால் அது குறைவாகவே ஏறும். காப்பி விளைகிற மலையில் இதைச் சொல்வது எனக்கே சங்கடந்தான். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

வேறொரு நாட்டையும் சொல்லவேண்டும், எச்சரிக்கைக்காக. இலங்கையில் 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தினார்கள், விளைச்சல் விழுந்தது. மறு ஆண்டு அந்நியச் செலாவணியும் வற்றி, உணவும் எரிபொருளும் கிடைக்காத நிலை வந்தபோது, அரசாங்க ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் போடுவதற்கென்று வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை கொடுக்க 2022 ஜூனில் முடிவு செய்தார்கள். பசி வந்தபின் விதைத்த கத்தரி காய்க்க இரண்டு மூன்று மாதமாகும். வயலை இழந்த நாட்டை வீட்டுத் தோட்டம் காப்பாற்றாது. வயலும் கடையும் இருக்கும்போதே, அவை தராததைத் தருவதே தோட்டத்தின் வேலை.

மூன்றாவது, விதை. இதில் பஞ்சாயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பொட்டலம் ஆடியில் வந்தால் பயன். கார்த்திகையில் வந்தால் வீண். பருவம் தவறாமல் வர, வைகாசியிலேயே வீடுகளின் பட்டியலைக் கொடுத்துவிடவேண்டும். அதைவிட, ஆண்டுதோறும் பொட்டலத்தை எதிர்பாராத நிலையே மேல். வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப்போல் வாராது. நாட்டு அவரை, சுரை, பீர்க்கு, கீரை, கத்தரி ஆகியவை அப்படியல்ல. விதைக்கென்று முதற்காய்களுள் நல்லதை நூல் கட்டி விட்டுவையுங்கள். தின்றது போக மிஞ்சிய கடைசிக் காயை விதைக்கு விடுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து சுரைக்குடுவையில் அடைத்துவைத்தால் அடுத்த பட்டம்வரை கெடாது. பொட்டலத்தில் இல்லாதவையும் இங்கு உண்டு: வள்ளிக்கிழங்கு, சேம்பு, மொச்சை, கூரையேறும் பூசணி. முருங்கை மேல்நாட்டுக் குளிரில் சமவெளியைப் போல் செழிப்பதில்லை. அதற்குப் பதிலாகத் தவசிக்கீரையை நட்டுப் பாருங்கள். ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் பறிக்கலாம்.

இம்மலையின் பதினான்கு நாடுகளிலும் ஊருக்கு ஒரு நாற்றங்கால் வைக்கலாம். பொதுக்குழாயடியில் வழிந்து வீணாகும் நீரே அதற்குப் போதும். பள்ளியோ அங்கன்வாடியோ அருகில் இருந்தால் பிள்ளைகளும் கற்பார்கள். நாற்றுக்கு எட்டணா, ஒரு ரூபாய் என்று விலை வைத்து, வளர்க்கும் பெண்மணிக்கே அதைக் கொடுங்கள். எட்டணாவுக்கு இப்போது என்ன மதிப்பு என்று யாரோ சிரிக்கிறீர்கள்; சரி, ஒரு ரூபாய்.

இறுதியாக, எண்ணிக்கை. விதை வழங்கிய நாளில் எத்தனை பொட்டலம் என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதுகிறோம். அந்த எண்ணால் ஒருவருக்கும் இரத்தம் ஊறாது. பங்குனி மாதத்தில் ஒரு நாள், பஞ்சாயத்தார் இருவரும் மகளிர் குழுவினர் இருவரும் ஊரைச் சுற்றி வாருங்கள். எத்தனை வீட்டில் பச்சை தெரிகிறது, அன்றைய குழம்பில் என்ன கிடந்தது என்று கேட்டு எழுதுங்கள். நூறு பொட்டலத்துக்குப் பத்து வீடுதான் தேறினால் பத்து என்றே எழுதுங்கள். கிராம சபையில் அதைப் படியுங்கள். அந்தப் பத்து வீட்டுத் தாய்மார்களைப் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

மேசைமேல் இருக்கும் இந்தச் சுரைக்குடுவையில் அவரை விதை இருக்கிறது. தின்னனூர் நாட்டிலிருந்து ஒரு பாட்டி கொடுத்தனுப்பினார். கூட்டம் முடிந்ததும் வேண்டுவோர் ஒரு பிடி எடுத்துச் செல்லலாம். விலை இல்லை. ஆனால் அடுத்த தை மாதம் இரண்டு பிடியாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியிருக்கிறார். எடுப்பவர்கள் பெயரைச் செயலாளர் எழுதிக்கொள்வார்.